ஒற்றைக்கால் குடை

"ஹலோ... ஹலோ... ஆமா, ஆவுடையப்பன்தான் பேசுறேன்... திருச்சியா? குடும்மா, லைனைக் குடு... ஹலோ... யாரு, ரெங்கராஜ் தம்பியா? கேக்குது, கேக்குது, சொல்லுங்க... ஆமா, பாத்துட்டேன். நேத்துக் காலையிலயே ஏணி போட்டு பங்க் கூரை மேல ஏறிப் பாத்துட்டேன்."

ஆவுடையப்பன் ரிசீவரை இடது காதுக்கு மாற்றிக்கொண்டு, மேசைமேல் கிடந்த காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தார். டைப் அடித்து முடித்த சர்டிபிகேட். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"விரிசலா?... இருக்கு, இருக்கு. கெழக்கு ஓரத்துல ரெண்டு எடத்துல... ஆமா... ஒழுகுறதும் நெசந்தான். தூண் மேல ஈரம் எறங்கிப் பாசி புடிச்சுக் கெடக்கு... ஆமாமா, பாக்க நல்லா இல்லதான்."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அந்த விரிசல் மேல்பூச்சில் மட்டும் மயிரிழையாக ஓடுகிறது என்பதை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் விட்டது அவருக்கு இதமாக இருந்தது.

ஆலங்குடி ரோட்டில் ரெங்கராஜின் அப்பா ஆத்மநாதன் பெட்ரோல் பங்க் வைத்தது 1950-ல். கட்டடத்துக்கு இரண்டு பேர் படம் வரைந்து கொடுத்தார்கள். ஒன்று ஆவுடையப்பனுடையது. நான்கு தூண், தூணுக்குத் தூண் வளைவு, வளைவின் மேல் மயில். மற்றது மரியசெல்வத்துடையது. அவனும் ஆவுடையப்பனும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. கணக்கில் இவருக்குத்தான் எப்போதும் இரண்டு மார்க் கூட. ஆனாலும் பம்பாய்க்குப் போய்க் கட்டடக்கலை படித்தது அவன். ஓவர்சீயர் படிப்போடு ஊரில் நின்றுவிட்டது இவர். திரும்பி வந்தவன் ஒரே ஒரு தூணை வரைந்திருந்தான். அதன் உச்சியில் இருபத்து நாலடிக்கு இருபத்து நாலடி சதுரமாக ஒரு கான்கிரீட் கூரை. நடுவில் கனத்து, ஓரத்துக்குப் போகப்போக மெலிந்து, முனையில் மூன்றே அங்குலம். ஆத்மநாதன் அந்தப் படத்தைத்தான் எடுத்துக்கொண்டார்.

ஐப்பசி மழைக்கு விழுந்துவிடும் என்று ஆவுடையப்பன் ஊர் முழுக்கச் சொன்னார். கான்கிரீட் இறுகும்வரை தாங்க வைத்திருந்த முட்டுக்கால்களை எடுத்த நாளில் எதிரே சோடாக் கடையில் போய் நின்றுகொண்டார். விழுவதைப் பார்க்கத்தான் நின்றார். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மரியசெல்வம் கூரைக்கு அடியிலேயே நின்று, ஒவ்வொரு காலாக எடுக்கச் சொன்னான். கடைசிக் காலும் வந்தது. கூரை அப்படியே நின்றது. கூட்டம் கை தட்டியபோது இவர் குடிக்காத சோடாவைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அன்றைக்கு அவர் மனைவி சொர்ணவல்லி, "குடை விரிச்ச மாதிரி லெச்சணமாத்தான் இருக்கு" என்றாள். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. ஆலங்குடிக்குப் போக வேண்டியிருந்தால் அதற்கப்புறம் சுற்று வழியில்தான் போனார். பதினோரு வருஷமாக அப்படித்தான்.

மரியசெல்வம் மறுபடி பம்பாய்க்கே போய்விட்டான். ஆத்மநாதனும் காலமாகிவிட்டார். திருச்சியில் வியாபாரம் பார்க்கும் மகன் ரெங்கராஜிடமிருந்து பத்து நாளைக்கு முன்னால் கடிதம் வந்தது. திருச்சி ரோட்டில் புதிதாக ஒரு பங்க் திறந்திருக்கிறார்கள், தாமரைத் தூணும் யானை பொம்மையுமாக ஜேஜே என்று இருக்கிறது, அதோடு ஒப்பிட்டால் நம்முடையது மொட்டையாக நிற்கிறது, ஒற்றைக்கால் குடும்பத்துக்கு ஆகாது என்றும் பேசுகிறார்கள், இடித்துவிட்டு வேறு கட்ட வேண்டும் என்று எழுதியிருந்தார். ஆனால் எண்ணெய்க் கம்பெனியின் ஒப்பந்தப்படி, கட்டடம் ஆபத்தானது என்று லைசென்ஸ் உள்ள ஒருவர் எழுதிக் கொடுத்தால்தான் இடிக்கலாம். அந்த லைசென்ஸ் ஆவுடையப்பனிடம் இருந்தது.

"எழுதிட்டேன் தம்பி. முன்னாலதான் இருக்கு... படிக்கவா? படிக்கிறேன், கேளுங்க. 'மேற்படி கூரையானது ஒரே தூணின் மேல் நிற்பதாலும், விரிசல்களும் நீர்க்கசிவும் காணப்படுவதாலும், பொதுமக்களுக்கு அபாயம் விளைவிக்கக் கூடிய...' ஆமா, அப்படித்தான்... போதுமா? பெலமா இருக்கா?... ஆமாமா, கம்பெனிக்காரன் மறுபேச்சுப் பேச மாட்டான்."

படித்துக்கொண்டே வரும்போது 'ஒரே தூணின் மேல்' என்ற இடத்தில் அவர் குரல் சற்றுத் தடுக்கியது. பேனா மூடியைத் திறந்தார்.

"இன்னைக்கே தபால்ல போட்டுர்றேன்... சரி... சரி... எப்ப இடிக்கிறதா உத்தேசம்?... தை பொறந்தாவா. நல்லது... புது வேலைக்குப் படம் எங்கிட்டயே பழசு ஒண்ணு கெடக்கு தம்பி, மயில் வச்சது, ஒங்க அப்பாவுக்குன்னு அப்பவே போட்டது, அதைக் கொஞ்சம்... என்னது?... யாரு?"

பேனா காகிதத்துக்கு மேலேயே நின்றுவிட்டது.

"கீரனூர் அழகுமலையா?... அவருகிட்ட பேசி முடிச்சாச்சா?... ஓ... அவரே இடிச்சு அவரே கட்டுறாரா... சரி... இல்ல, ஒண்ணுமில்ல. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அழகுமலை சுதையில் சிங்கம் செய்கிற காண்ட்ராக்டர். எந்தக் கட்டடத்தைக் கொடுத்தாலும் வாசலில் இரண்டு சிங்கத்தை உட்கார வைத்து, அவற்றுக்குப் பச்சை வர்ணம் அடித்துவிட்டுத்தான் ஓய்வார். மரியசெல்வத்தின் மேல் ஆவுடையப்பனுக்கு இருந்தது பதினோரு வருஷப் புகைச்சல். அழகுமலை பேரைக் கேட்டதும் மூண்டது வேறு மாதிரி. அந்தக் கூரையில் அழகுமலையின் ஆட்கள் சம்மட்டியோடு ஏறி நிற்பதை நினைத்துப் பார்த்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்குறேன். அழகுமலை அந்தக் கூரைமேல ஏறிப் பாத்தாரா?... பாக்கல. கீழ நின்னு பாத்துட்டுப் போயிட்டாரு... சரி, நான் ஏறிப் பாத்தேன், நான் சொல்றதைக் கேளுங்க. அது தட்டைக் கூரை இல்ல. கவுத்த குடை இல்ல, மல்லாத்திப் புடிச்ச குடை. நாலு பக்கத்துத் தண்ணியும் நடுவுக்கு ஓடிவரும். தூணுக்கு உள்ளாற குழாய் வச்சிருக்கான், தண்ணி அது வழியா பூமிக்குள்ள போயிரும். வெளிய ஒரு குழா பாத்திருக்கீங்களா நீங்க?... பாத்திருக்க மாட்டீங்க. எதுத்தாப்புல சோடாக் கடை வச்சிருக்கவருக்கே தெரியாது... ஒழுகுறதுதானே? அந்தக் குழாய் வாயில காக்கா கூடு கட்டிருக்கு. கம்பியும் கந்தலுமா அடைச்சுக்கிட்டு நிக்குது. தண்ணி போக வழியில்லாம தேங்கி, தூணுலயும் கசியுது, ஓரமாவும் வழியுது. அம்புட்டுத்தான்... ஆமா, அம்புட்டுத்தான்."

மறுமுனையில் நெடுநேரம் பேச்சு ஓடியது. ஆவுடையப்பன் நடுவே "இல்ல தம்பி", "அது சரி" என்று இரண்டு தடவை நுழையப் பார்த்தார். முடியவில்லை.

"... இப்பத்தான் படிச்சேன், அபாயம்னு. நெசம். நாந்தான் எழுதுனேன்... இல்லங்க, வேலை எனக்குக் கெடைக்கலன்னு பேச்சை மாத்தல..."

அதைச் சொல்லும்போதே முகம் சூடானது. பேச்சை மாற்றியது அதனால்தான் என்று அவருக்கே தெரிந்தது.

"... மாத்தினேன். சரி, அதுக்காகத்தான் மாத்தினேன்னே வச்சுக்கங்க... என்ன சொன்னீங்க?... எனக்கேவா?"

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"அழகுமலைய நிறுத்திட்டு... மயிலு வச்ச படமா... ஆமா, இருக்கு, அப்படியே பத்திரமா இருக்கு..."

பீரோவில் மேல் தட்டில், துணியில் சுற்றி வைத்திருந்தார் அந்தப் படத்தை. அதே இடத்தில், மரியசெல்வம் கட்டியதை எடுத்துவிட்டு, தன் நான்கு தூண்கள். எத்தனை நாள் இதை மனசுக்குள் கட்டிப் பார்த்திருக்கிறார். இப்போது கேட்காமலே கையில் வந்து விழுகிறது. கண்ணை மூடி அந்த மயில்களை ஆலங்குடி ரோட்டில் நிறுத்திப் பார்த்தார். எந்த ஊரிலும் இருக்கிற ஒரு கட்டடம் அங்கே நின்றது.

"... இருக்கேன் தம்பி, லைன்லதான் இருக்கேன்... யாரு, எக்ஸ்சேஞ்சா?... மூணு நிமிஷம் ஆச்சா? அவங்களைக் கேளும்மா, அவங்கதான் போட்டாங்க... நீட்டிக்கச் சொல்றாங்களா? சரி."

நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

"தம்பி, குறுக்க பேசாம கேளுங்க. நேத்து ரசமட்டம் வச்சுப் பாத்தேன். அது போதாதுன்னு டியூப்ல தண்ணி ஊத்தி நாலு மூலையும் அளந்தேன். பதினோரு வருசத்துல ஒரு மூலைகூட நூலளவு தாழல. நான் கட்டுன வீடுகள்ல அப்படி நாலு சொல்ல முடியாது... ஆமா, நான்தான் சொல்றேன்... மொட்டையா இருக்குன்னு சொல்றீங்க. மொட்டைதான். ஒரு பூ கெடையாது, ஒரு பொம்மை கெடையாது. ஆனா அதுல இருந்து எதையாச்சும் எடுத்துப் பாருங்க, எதை எடுப்பீங்க? எடுக்க ஒண்ணும் இல்ல. என் படத்துல மயிலை எடுக்கலாம், வளைவை எடுக்கலாம், ரெண்டு தூணையே எடுக்கலாம்... லாரி தூணுல இடிக்குமா? நீங்களே சொல்லுங்க, இத்தனை வருசத்துல இடிச்சிருக்கா? நாலு தூண் வச்சுப் பாருங்க, மாசத்துக்கு ஒண்ணு வந்து மோதும். எந்தப் பக்கத்துல இருந்து வந்தாலும் நேரா உள்ள வந்து திரும்பிப் போறாப்புலதான் ஒத்தைத் தூணா வச்சான்... யாரா? மரியசெல்வம்."

அந்தப் பேரை அவர் வாய் விட்டுச் சொல்லி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. சொன்ன பிறகு, சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று ஒரு கணம் தோன்றியது.

"... இல்ல, சிநேகிதன்னு சொல்ல முடியாது... பரிஞ்சு பேசலிங்க. அவனை எனக்குப் புடிக்காது. முட்டுக்கால் எடுக்கையில அது விழணும்னு எதுத்தாப்புல நின்னவன் நான். விழுந்தா அவனும் அடியில இருந்திருப்பான். அது தெரிஞ்சும் நின்னேன்... ஆமா... வெளையாட்டுக்குச் சொல்லல தம்பி... அப்படிப்பட்ட நான் சொல்றேன், அது விழாது. விழாததை விழும்னு எழுதிக் கொடுக்க என்னால ஆகாது."

திறந்திருந்த பேனாவை மூடி வைத்தார்.

"... வேற ஆளா? பாருங்க, தாராளமாப் பாருங்க. ஆனா நான் இன்னைக்கே கம்பெனிக்கு எழுதிருவேன். அளந்த அளவு நாலையும் போட்டு, கூரை நல்லா இருக்கு, அடைப்பு எடுத்தாப் போதும்னு எழுதிருவேன். அதுக்கு அப்புறம் வேற ஒருத்தர் சர்டிபிகேட் வந்தா அவங்களே ஆளு அனுப்பி அளப்பாங்க... மிரட்டல, செய்யப் போறதைச் சொல்றேன்... ஒங்க அப்பா இருந்தா... சரி, அவரை இழுக்கல... திருச்சி ரோட்டுக்காரன் யானை வச்சா வச்சுட்டுப் போறான். அதைப் பாத்து ஒங்களுக்கு எரியுது. அந்த எரிச்சல் என்ன பண்ணும்னு எனக்குத் தெரியும், பதினோரு வருசம் அதோடதான் குடித்தனம் பண்ணேன்... ஆமா... ம்... காக்கா கூட்டையா? எடுக்கலாமே. நாளைக்கே ஆளு விடுறேன். பூச்சையும் பாத்துர்றேன்... வெள்ளை மட்டும் அடிங்க. வேற ஒண்ணும் வேணாம்... தம்பி?... ஹலோ... தம்பி?"

டக்கென்று ஒரு சத்தம். ரெங்கராஜ் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆனால் காக்கைக் கூட்டை எடுக்கச் சொல்லிவிட்டார். இடிக்கப் போகிறவர் அதைச் சொல்ல மாட்டார்.

ஆவுடையப்பன் சர்டிபிகேட்டை இரண்டாக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார். ரிசீவர் இன்னும் கையிலேயே இருந்தது. ஜெயித்த மாதிரியும் இல்லை, தோற்ற மாதிரியும் இல்லை. இனிமேல் அந்தக் கூரை நிற்கிறதென்றால் தன்னாலும்தான் நிற்கிறது என்று ஒரு நினைப்பு வந்தது. அதில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. அடுத்த கணமே, ஊர் அதை மரியசெல்வத்தின் கூரை என்றுதான் சொல்லும் என்பதும் நினைவுக்கு வந்து குத்தியது.

"ஹலோ... ஆமாம்மா, பேசி முடிச்சாச்சு... இல்ல, கட் ஆகல, அவரு வச்சிட்டாரு... இரும்மா, வச்சிராத. எனக்கு ஒரு டிரங்கால் புக் பண்ணணும்... பம்பாய்... நம்பர் தெரியாது, ஆபீஸ் பேரு சொல்றேன், கேட்டு எடுத்துக் குடு... ஆளு பேரு மரியசெல்வம். ம... ரி... ய... ஆமா... இங்க புதுக்கோட்டையில இருந்து ஆவுடையப்பன்னு சொல்லு. தெரியும் அவனுக்கு... அர்ஜென்ட்டா, ஆர்டினரியா?"

அவர் யோசித்தார்.

"ஆர்டினரியே போதும்மா... சாயங்காலம் ஆனாலும் பரவால்ல, இங்கயேதான் இருப்பேன்... விசேசம் ஒண்ணுமில்ல. அந்த மூணு அங்குலத்துக்குள்ள கம்பிய எப்படிடா வளைச்சன்னு அவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்."