நீங்க முதல்ல போங்க

இன்சூரன்ஸ் சார்: நெருப்பும் இல்ல, புகையும் இல்ல மேடம். சும்மா ஒத்திகை. மணி அடிச்சா கட்டடத்துல இருக்கிற எல்லாரும் ரோட்டுக்கு வந்து நிக்கணுமாம்.

பேங்க் மேடம்: அதுக்கு ஆறு மாடி இறங்க வச்சிட்டாங்களே... நீங்க எந்த மாடி?

இன்சூரன்ஸ் சார்: நாலு. இன்சூரன்ஸ் கம்பெனி. நீங்க ஆறுன்னா...

பேங்க் மேடம்: பேங்க்.

இன்சூரன்ஸ் சார்: அட. பேங்க்னா கம்ப்யூட்டர் பாதுகாப்பெல்லாம் ரொம்பக் கெடுபிடியா இருக்குமே.

பேங்க் மேடம்: நீங்க வேற... உங்க கம்பெனியில எப்படி?

இன்சூரன்ஸ் சார்: நான்தானே முதல்ல கேட்டேன்.

பேங்க் மேடம்: நீங்க சொன்னா நானும் சொல்றேன்.

இன்சூரன்ஸ் சார்: எங்க கதை சிரிப்பா சிரிக்கும். நாற்பது பேருக்கும் ஒரே பாஸ்வேர்ட்.

பேங்க் மேடம்: ஒரே பாஸ்வேர்டா? ...என்னது அது?

இன்சூரன்ஸ் சார்: கம்பெனி பேரு, கூடவே ஒண்ணு ரெண்டு மூணு. சரி, உங்க பக்கம்?

பேங்க் மேடம்: எங்க மேனேஜர் லேப்டாப்பைத் திறந்தது திறந்தபடி வச்சிட்டு சாப்பிடப் போயிடுவார். பாஸ்வேர்ட் அவர் பொண்ணு பேரு. மறந்துடாம இருக்க கீபோர்டுக்கு அடியில ஒரு சீட்டு வேற...

இன்சூரன்ஸ் சார்: பெத்த பொண்ணு பேரையா மறப்பாரு?

பேங்க் மேடம்: பேரு மறக்கல சார், ஸ்பெல்லிங்லதான் தகராறு. ஒரு ஹெச்சா ரெண்டு ஹெச்சான்னு.

இன்சூரன்ஸ் சார்: ஒரு நிமிஷம் மேடம்... வீட்டுக்கு ஒரு மெசேஜ் போட்டுடறேன்.

பேங்க் மேடம்: போடுங்க, போடுங்க. எனக்கும் ஒண்ணு அனுப்ப வேண்டியிருக்கு...

இன்சூரன்ஸ் சார்: ம்... ஆச்சு. அப்புறம்?

பேங்க் மேடம்: அப்புறம் நீங்கதான் சொல்லணும். 'உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு'ன்னு மெயில் வந்தா உங்க ஆளுங்க திறப்பாங்களா?

இன்சூரன்ஸ் சார்: திறக்கிறதாவது... கணக்குப் பிரிவு அண்ணன் ஒருத்தர் திறந்து பார்த்துட்டு, இது நிஜமான்னு கேட்டு எங்க எல்லாருக்கும் அனுப்பி வச்சார்.

பேங்க் மேடம்: கடவுளே. எத்தனை பேர் திறந்தாங்க?

இன்சூரன்ஸ் சார்: எல்லாரும்தான். சீனியர் அனுப்பியிருக்கார், மரியாதைன்னு ஒண்ணு இல்லையா?

பேங்க் மேடம்: எங்க இடத்துல வேலையை விட்டுப் போனவங்களோட கணக்கை மூடறதே இல்ல. போன வருஷம் ரிட்டயரான ஒருத்தர் பேர்லதான் இன்னிக்கும் பிரிண்டர் ஓடுது.

இன்சூரன்ஸ் சார்: அவர்கிட்ட யாரும் சொல்லலையா?

பேங்க் மேடம்: சொன்னோமே. 'நல்லா இருங்க'ன்னார்.

இன்சூரன்ஸ் சார்: ...கூட்டம் உள்ள போகுது மேடம். ஒத்திகை முடிஞ்சுது போல.

பேங்க் மேடம்: ஆமா... நீங்க முதல்ல போங்க சார்.

இன்சூரன்ஸ் சார்: சேச்சே, நீங்க போங்க.

பேங்க் மேடம்: இல்ல, பெரியவர் நீங்க...

இன்சூரன்ஸ் சார்: பெரியவனா? எனக்கென்ன அப்படி வயசாயிடுச்சு... கார்டைக் காட்டிக் கதவைத் திறங்க மேடம், உங்க பின்னாடியே நானும் வந்துடறேன். என் கார்டு மேல மேஜையில...

பேங்க் மேடம்: உங்க கார்டும் மேஜையிலயா?

இன்சூரன்ஸ் சார்: 'கார்டும்'னா... உங்களுதும்?

பேங்க் மேடம்: மணி அடிச்ச அவசரத்துல...

இன்சூரன்ஸ் சார்: அதானே. நெருப்புன்னா யாரு கார்டைத் தேடிக்கிட்டு இருப்பா?

பேங்க் மேடம்: நெருப்பு இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க.

இன்சூரன்ஸ் சார்: ...வாட்ச்மேன்கிட்ட சொல்லுங்களேன், ஆறாவது மாடி பேங்க்னு.

பேங்க் மேடம்: நீங்க சொல்லுங்களேன், நாலாவது மாடின்னு.

இன்சூரன்ஸ் சார்: அவர் நம்மளையே பார்க்கிறார் மேடம்.

பேங்க் மேடம்: எல்லாரும் போயாச்சு சார். நாம ரெண்டு பேர்தான் நிக்கிறோம்.

இன்சூரன்ஸ் சார்: ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே... உங்களை யாராவது அனுப்பினாங்களா? 'ஒரு ஓட்டையாவது கண்டுபிடிக்காம வராதீங்க'ன்னு சொல்லி?

பேங்க் மேடம்: ...கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே சொல்லுவாரே, அவரா?

இன்சூரன்ஸ் சார்: அவரேதான், நம்ம பாதுகாப்புச் சோதனைக் கம்பெனி மேனேஜர். பேங்கையும் இன்சூரன்ஸையும் ஒப்பிட்டு, எது பத்திரம்னு மார்க் போடறாங்க. எனக்குக் குடுத்தது பேங்க்.

பேங்க் மேடம்: எனக்கு இன்சூரன்ஸ்.

இன்சூரன்ஸ் சார்: அப்ப நீங்க பேங்க் ஆளே இல்ல.

பேங்க் மேடம்: நீங்க மட்டும்?

இன்சூரன்ஸ் சார்: ஐயோ... 'பேங்க் தேறாது'ன்னு மெசேஜ் போயிடுச்சே.

பேங்க் மேடம்: 'நாற்பது பேருக்கு ஒரே பாஸ்வேர்ட்'னு நானும் அனுப்பிட்டேனே.

இன்சூரன்ஸ் சார்: அதை நம்பிட்டா அங்க பாதுகாப்பு வேலை பார்க்கிறவனைத் தூக்கிடுவாங்க மேடம்.

பேங்க் மேடம்: ரெண்டு இடத்துலயும் தூக்குவாங்க. அழிங்க சார். அவர் பார்க்கறதுக்குள்ள அழிங்க.

இன்சூரன்ஸ் சார்: அழிச்சுட்டு நான் எதைக் குடுக்கிறது? போன மாசமே வெறும் கையோட போய் நின்னேன். இந்தத் தடவையும் ஒண்ணும் இல்லன்னா வரவே வேண்டாம்னுட்டார்.

பேங்க் மேடம்: நடந்ததைக் குடுங்க. நிஜ பேங்க் ஆளுங்ககிட்ட பேச்சுக் குடுத்தீங்களா, இல்லையா?

இன்சூரன்ஸ் சார்: குடுக்காம என்ன, பத்துப் பேர் இருக்கும். ஒருத்தரும் பேரைக்கூடச் சொல்லல. ஒரு அம்மா, 'நீ யாரு, எங்க வேலை'ன்னு என்னையே குடைஞ்சு எடுத்துட்டாங்க.

பேங்க் மேடம்: இன்சூரன்ஸ்காரங்களும் அப்படித்தான். காலையிலேர்ந்து என்கிட்ட வாயைத் திறந்தது நீங்க ஒருத்தர்தான்.

இன்சூரன்ஸ் சார்: அப்ப ரெண்டு கம்பெனியும் கெட்டிதான்.

பேங்க் மேடம்: அதையே எழுதுங்க. நானும் எழுதறேன். தனித்தனியா வந்து ஒரே மாதிரி சொன்னா, அவர் நம்பித்தானே ஆகணும்?

இன்சூரன்ஸ் சார்: ...அழிச்சுட்டேன். நல்லவேளை, இன்னும் பார்க்கல.

பேங்க் மேடம்: நானும் அழிச்சாச்சு.

இன்சூரன்ஸ் சார்: இருந்தாலும் நீங்க பெரிய ஆளு மேடம். நான் வாய்க்கு வந்ததை அடிச்சு விட்டேன். நீங்க நேர்ல பார்த்த மாதிரி அளந்தீங்களே... எங்கேர்ந்து பிடிச்சீங்க அதையெல்லாம்?

பேங்க் மேடம்: நீங்க ஆபீஸ் பக்கம் வர்றதே இல்லையா சார்?

இன்சூரன்ஸ் சார்: மாசத்துக்கு ஒரு தடவை, திட்டு வாங்க. மத்தபடி வெளி வேலைதான். ஏன்?

பேங்க் மேடம்: நான் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகுது. எனக்குப் பொய் சொல்ல இன்னும் சரியா வரல சார்... நம்ம ஆபீஸ்ல பார்த்ததைத்தான் சொன்னேன்.