அண்ணியையும் குழந்தையையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது பத்தி

என் பேர் ஜஸ்டின் நல்வோகா. வயசு இருபத்தொண்ணு. செமாகுலாவோட பொண்ணு, அப்பா உயிரோட இல்ல. மசாகா டவுன்ல மார்க்கெட்டுக்குப் பின்னாடி வீடு. சலூன்ல முடி பின்ற வேலை. நான் குழந்தையக் கடத்திட்டேன்னு எங்கம்மாவே புகார் குடுத்திருக்காங்க, அதுக்குப் போலீஸ் ஸ்டேஷன்ல கேட்டப்போ சொல்றது.

அண்ணன் எல்லை தாண்டி தெற்கு சூடான்ல ஜூபா வரைக்கும் லாரி ஓட்டறாரு, வீட்டுல இருக்கறது கம்மி. அண்ணி பேர் நஸ்ஸாலி. குழந்தை பொறந்ததுக்கப்புறம் அண்ணி தூங்கல, வாழைக்காய் உரிக்க உக்காந்தா கத்தியோட அப்படியே இருப்பாங்க, குழந்தை அழுதாலும் திரும்ப மாட்டாங்க. அதப் பாத்துட்டு அம்மா இது அமகிரோன்னு முடிவு பண்ணிட்டாங்க. கர்ப்பமா இருக்கறப்போ வேற ஆம்பளையோட போனவளுக்கு வர்ற நோய், முத்தினா பெத்ததையே தின்னுடுவான்னு சொல்வாங்க. உங்களுக்கும் தெரியும், இருந்தாலும் எழுதிக்கோங்க. அதுக்கப்புறம் அம்மா குழந்தையத் தன் ரூமுக்கு எடுத்துட்டுப் போய் மாட்டுப்பால் குடுத்தாங்க. அண்ணியப் பச்சிலைத் தண்ணியில உக்கார வச்சு, "எவன்னு சொல்லுடி, சொன்னாத்தான் தீரும்"னாங்க. அண்ணிக்குப் பால் கட்டி சட்டையெல்லாம் நனைஞ்சிருந்துச்சு.

போன்ல ஒரு நர்ஸம்மா வீடியோ போடுவாங்க, நான் ஒண்ணு விடாமப் பாப்பேன். பிரசவத்துக்கப்புறம் வர்ற மனச்சோர்வு குணமாகற நோய்தான்னு அவங்க சொன்னத அம்மாகிட்டச் சொன்னேன். "முடி பின்றவளுக்கு வைத்தியம் வேறயா"ன்னாங்க. அதுக்கப்புறம் தடுப்பூசி போட எல்லாரும் கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்க நர்ஸ் அண்ணியக் கேட்ட ஒவ்வொண்ணுக்கும் அம்மாவே பதில் சொன்னாங்க. அண்ணி தரையப் பாத்துக்கிட்டிருந்தாங்க. வர்ற வழியில என்கிட்ட, "ஜஸ்டின், புள்ளைய நீ வளத்துக்கோ. நான் இல்லாட்டித்தான் அதுக்கு நல்லது"ன்னாங்க.

அதுக்கப்புறம் இன்னைக்கு அம்மா ஒரு சாவு வீட்டுக்குப் போனப்போ அண்ணியையும் குழந்தையையும் வாடகை பைக்ல ஏத்தி அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். அம்மாகிட்டச் சொல்லல, சொன்னா விட்டிருக்க மாட்டாங்க. பைக் ஓட்டினவன், "சின்னவருக்கு ஓசி, கத்தினா மட்டும் சார்ஜ்"னான். அண்ணி லேசா சிரிச்ச மாதிரி இருந்துச்சு.

மனநல நர்ஸ் என்னை வெளிய நிறுத்திட்டு அண்ணிகிட்டத் தனியா பேசினாங்க. ரொம்ப நேரம் அழுகைச் சத்தம்தான். அதுக்கப்புறம் கதவத் திறந்தப்போ குழந்தை அண்ணிகிட்டப் பால் குடிச்சிட்டிருந்துச்சு. இது யாரோட தப்பும் இல்ல, வாராவாரம் வியாழக்கிழமை கூட்டிட்டு வா, அதுவரைக்கும் தனியா விடாதேன்னு நர்ஸ் சொன்னாங்க.

அதுக்கப்புறம் வாசலுக்கு வந்தோம், அம்மா போலீஸோட நின்னாங்க. காலுல செருப்புகூட இல்ல. பேரன் போயிட்டான்னு நெஜமாவே பயந்துட்டாங்க, அவங்க மேல எனக்குக் கோவம் இல்ல.

போன்ல பாத்துட்டு டாக்டராயிட்டியான்னு நீங்க கேட்டீங்க. ஆகல. அதனாலதான் கூட்டிட்டுப் போனேன்.

இப்ப குழந்தை அம்மா மடியில இருக்கு. அண்ணி வெளிய பெஞ்சுல தனியா இருக்காங்க. என்னை உள்ள வைக்கறதுன்னா வைங்க. வியாழக்கிழமை அவங்கள யார் கூட்டிட்டுப் போவாங்கன்னு மட்டும் இதுலயே எழுதிடுங்க.

எழுதினத எனக்குப் படிச்சுக் காட்டினாங்க. நடந்தது இதுதான், மாத்த ஒண்ணுமில்ல.

ஒப்பம்
ஜஸ்டின் நல்வோகா