தடைக்காலத்துத் துக்கம்

அந்தக் கேமராவ மொதல்ல மூடுங்க தம்பி. பேச மாட்டேன்னு சொல்லல, மூடிட்டுப் பேசுவோம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக முடியாது. மக டயானாவுக்கு நாளைக்கு நிச்சயம். மாப்பிள்ள வீட்டுக்காரங்க டவுன்ல இருந்து இன்னைக்கே மாதா கோயில் பூசைக்கு வாராவ. இந்த வள்ளத்து நிழல்ல உக்காருங்க.

என் வள்ளம்தான். காலையில நீங்க வந்தப்பம் இது ஒண்ணுதானே கரையில கெடந்துச்சு. எஞ்சின் ரிப்பேரு. கேக்குத எல்லார்ட்டயும் அதான் சொல்லியிருக்கேன்.

சங்கத் தலைவர் ஜெபசீலன் என்ன சொன்னாரு? ஆலைய மூடச் சொல்லி ஊர்வலம் போயி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல செத்தவங்களுக்காக வருசா வருசம் இந்த நாள்ல எங்க ஊர் விசைப்படகு ஒண்ணுகூட கடலுக்குப் போகாதுன்னு சொல்லியிருப்பாரே. கண்ணும் கலங்கியிருக்கும். நீங்களும் எடுத்திருப்பிய.

தம்பிக்கு எந்த ஊரு? மெட்ராஸா. அதான். இது மீன்பிடித் தடைக்காலம் தம்பி. மீனு குஞ்சு பொரிக்கிற நேரம்னு கவர்மெண்டே ரெண்டு மாசம் விசைப்படகக் கட்டிப் போட்டிருக்கு. துக்கம் இல்லன்னாலும் அதுவ தொறமுகத்துலதான் கெடக்கும். சோறில்லாதவன் ஒருசந்தி நோம்பு இருந்தானாம், அந்தக் கதைதான்.

நம்ம மாதிரி சின்ன வள்ளத்துக்குத் தடை கெடையாது. துக்கம்னா இதுவல்லா போகாம இருக்கணும். இன்னைக்கு அம்புட்டும் போயிட்டு வந்தாச்சு. விசைப்படகு இல்லாத நேரம், மீனு நல்ல வெல போவும்லா. இப்பம் குளிச்சு வெள்ளச் சட்ட மாட்டிக்கிட்டு இருப்பானுவ. சாயங்காலம் மெழுகுதிரியோட கோயில் வாசல்ல நிப்பானுவ. படம் நல்லா வரும், எடுத்துக்கிடுங்க.

எங்க ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்தா அடக்கம் முடியுத வரைக்கும் ஒருத்தனும் கடல்ல எறங்கக் கூடாது. பகையாளி வீட்டுச் சாவுன்னாலும் அப்படித்தான். அதச் சொன்னா, அவங்க டவுன்லல்லா செத்தாங்கங்கான். டவுனு என்ன சீமையிலயா இருக்கு? மீன் விக்க மட்டும் தெனமும் அங்கனதான் போறானுவ.

அந்த ஆலைக்கு லாரி ஓட்டுனவன் சொல்லுதான், கல்லெறிஞ்சது யாருன்னு மொதல்ல கேளுங்கன்னு. ஊர்வலம் போனவன் சொல்லுதான், லாரிக்காரன்தான் ஆளக் காட்டிக் குடுத்தான்னு. ரெண்டு பேரும் ஒரே கடையில முதுகத் திருப்பிக்கிட்டு டீ குடிக்கானுவ. துபாய்ல இருக்கவன் செல்லுல மெழுகுதிரி படம் போடுதான், அடுத்தது பிரியாணி படம் போடுதான். எவனக் கேட்டாலும் நான் இல்லங்கான். அப்பம் குண்டு தானா பறந்து வந்துச்சு போல.

சுட்ட போலீசுக்காரனுவளா? இருக்கதுலயே மோசம் அவனுவதான். ஆர்டருங்கான். ஆர்டர் போட்டவனக் கேட்டா நெலமை அப்படிங்கான். விரல் யாருதுலேன்னு கேட்டா வாயில கொழுக்கட்ட. ஏசுவச் சாவுக்குக் குடுத்த பிலாத்தாவது கையக் கழுவத் தண்ணி கேட்டான். இவனுவளுக்கு அதும் வேண்டாம்.

எனக்கு எப்படித் தெரியுமா? ஒருத்தன்ட்ட கேட்டேன். கிறிஸ்மசுக்கு வந்திருந்தான், சாப்பிட உக்காந்தப்பம் கேட்டேன். உன் குண்டு யாரு மேலயும் பட்டுச்சாலேன்னேன். கூட்டமா இருந்துச்சு, யாருக்குத் தெரியும்ன்னான். அப்படியே திரும்பி, எம்மா, கொழம்ப ஊத்துங்கங்கான். அவளும் ஊத்துனா.

ஆமா தம்பி, எங்க வீட்லதான். எம் மூத்தவன் மெல்வின். போலீஸ் ஆயுதப்படையில இருக்கான்.

எஞ்சின் நல்லாத்தான் இருக்கு. வருசா வருசம் இந்த ஒரு நாளு மட்டும் ரிப்பேராயிரும். அது நம்ம வீட்டால விழுந்த சாவு, எப்படிக் கடல்ல எறங்குவேன்? ஆனா துக்கம்னு சொன்னா, உமக்கு என்ன துக்கம்னு கேப்பானுவ. அதுக்குப் பயந்து எஞ்சின் மேல பழியப் போட்டேன். அவனுவ ஆர்டருங்கானுவ, நான் எஞ்சினுங்கேன், என்ன பெரிய வித்தியாசம்?

மாப்பிள்ள வீட்டுக்கு இது தெரியாது. மெல்வினுக்கு அன்னைக்கு மதுரையில டூட்டின்னு சொல்லி வச்சிருக்கா எங்க வீட்டுக்காரி. பெத்த பிள்ளையக் காட்டிக் குடுத்தா நீங்க யூதாசுங்கா. மாப்பிள்ளைக்கு ஒரு தம்பி, ஜெஸ்டின்னு பேரு. அன்னைக்குத் தொடையில குண்டு வாங்குனவன். நாளைக்கு அவனும் மெல்வினும் ஒரே பந்தியில உக்காரணும். டயானாட்ட காலையில எல்லாத்தையும் சொன்னேன். அழுதா. பொறவு, நீங்க சொல்லலன்னா நானே சொல்லுதேன்ப்பான்னா. இந்த ஊர்லயே முதுகெலும்பு உள்ளது அவ ஒருத்திதான்.

கேமராவத் தெறக்காதீங்க தம்பி. உங்க டிவியில சொன்னா அதுவும் மெழுகுதிரிதான். அந்த ஜெஸ்டின் மூஞ்சியப் பாத்து நான் சொல்லணும். அதுக்கு அப்புறம் நிச்சயம் நடக்கும், நடக்காமப் போகும், அது அவங்க இஷ்டம்.

அந்தா, அந்த வெள்ள வேன்தான். மொதல்ல ஒருத்தன் எறங்குதான் பாருங்க, கதவப் பிடிச்சுக்கிட்டு, ஒரு காலச் சாச்சுச் சாச்சு. அவன்தான்.

கொஞ்சம் தள்ளிக்கிடுங்க தம்பி.