வேர்வை துடைத்த ராஜா

—கதவைச் சாத்து தாமசின். தாழ்ப்பாளையும் போடு.

—போட்டாச்சு. ஏங்க, நாடகம்தான் முடிஞ்சிடுச்சே, முதல்ல அந்த ராஜா அங்கியைக் கழட்டுங்க.

—அங்கி கிடக்கட்டும்டி. நாலாவது அங்கத்துல நான் என்ன பண்ணேன்னு உனக்குத் தெரியாது. நீ உள்ள உக்காந்து தையல் போட்டுட்டு இருந்திருப்ப.

—சொல்லுங்க.

—கிழட்டு ராஜா கிரீடத்தை இறக்கி வைக்கிற காட்சியை ராணியோட அதிகாரி வெட்டிட்டார்ல? வாரிசு இல்லாத ராணி ஆளுற ஊர்ல இதெல்லாம் காட்டக் கூடாதுன்னு. நாங்களும் விட்டுட்டோம். சத்தியமா விட்டுட்டோம்!

—அப்புறம் என்ன பயம்?

—தகரக் கிரீடம் நெத்தியை அறுத்துச்சு. ஒரே வேர்வை. கழட்டித் துடைச்சேன், அவ்வளவுதான். வசனம்கூட இல்ல. கொட்டகையே மூச்சை நிறுத்திடுச்சு.

—கேட்டா வேர்வைன்னு சொல்லிடுங்க.

—யாருடி நம்புவா? மாடத்துல மந்திரிங்களோட ஒற்றன் இருந்தான், கருப்புத் தொப்பிக்காரன். நாடகம் எழுதின பார்த்தலமியூ அவனைப் பாத்ததும் பின்வாசல் வழியா ஓடி, ஆத்துல படகேறிட்டான். போன வருஷம் ராணியைப் பத்திப் பாட்டு கட்டினவனுக்கு வலது கை போச்சு, ஞாபகம் இருக்கா?

—வாயைக் கழுவுங்க!

—அதோட நிக்கல. யாரோ ஒரு புண்ணியவதி முதல்ல கை தட்டினா. பொம்பளைக் கைதான், மேல இருந்து கேட்டுச்சு. உடனே மொத்தக் கூட்டமும் தட்டுச்சு. ரொட்டி விலை ஏறின கோபம் அத்தனையும் சேர்ந்து தட்டுச்சு. நெத்தியைத் துடைச்சதுக்கு யாராவது கை தட்டுவாங்களா? யார் பெத்த மகளோ, அவளை இந்நேரம் இழுத்துட்டுப் போயிருப்பானுங்க.

—நம்ம பையன் ஹம்ஃப்ரியை அயர்லாந்து சண்டைக்குப் பிடிச்சிட்டுப் போனாங்களே. எலும்புகூடத் திரும்பி வரலியே.

—இப்ப எதுக்கு அவன் பேச்சு?

—நான் உள்ள தைச்சிட்டு இல்லைங்க. மேல மாடத்துல நின்னு பாத்தேன். நீங்க கிரீடத்தை இறக்கினீங்களா, என் கை தானா...

—தாமசின்!

—அந்தத் தொப்பிக்காரன் பக்கத்துலயே இருந்தான். சிரிச்சுக்கிட்டே, ‘யாரும்மா நீ’ன்னு கேட்டான்.

—என்ன சொன்ன? ஐயோ, என்னத்தச் சொல்லித் தொலைச்ச?

—பயத்துல வாய் குளறிடுச்சுங்க. ‘அந்த ராஜா என் புருஷன்தாங்க’ன்னுட்டேன்.