சந்தனம் வச்ச துப்பாக்கி

அதை வைங்க தம்பி, அது துப்பாக்கியோட சேந்து வர்ற குச்சி. ஒல்லி. அவசரத்துக்கு ஆகும், கழுவறதுக்கு ஆகாது. இந்தத் தடிக்குச்சி இருக்கு பாருங்க, கைப்பிடி வச்சது, இதை எடுத்துக்கங்க. அட, காசெல்லாம் வேண்டாங்க. பதினெட்டாம் தேதி ஃப்ளைட். இதையெல்லாம் கோயமுத்தூருக்கா தூக்கிட்டுப் போகப்போறேன்? அப்பறம் அந்த அங்கிள் வேண்டாம். எனக்கு நாப்பத்திரண்டுதான். சும்மா நஞ்சப்பன்னே கூப்பிடுங்க.

உக்காருங்க. அந்த அட்டைப்பொட்டி மேலயே உக்காருங்க, உள்ள துணிதான். வீட்டுக்குள்ள கூப்பிடலைன்னு நெனைக்காதீங்க, சேரெல்லாம் வித்தாச்சு. என் சம்சாரம் வசந்தாமணி பக்கத்து வீட்டு அம்மாவோட கார்ல கடைக்குப் போயிருக்கா. அதனாலதான் உங்களை இந்நேரம் வரச் சொன்னேன். இதைப் பாத்தாலே அழுதுருவா.

ஆக, டேரல் உங்களையும் லீஸுக்குக் கூப்பிட்டுட்டான். நியூ இயருக்கா? நல்லது. மான் சுடறதுக்குன்னே வருஷக் குத்தகைக்கு எடுத்த காடு அது. இங்க பேர்லேண்ட்ல இருந்து அஞ்சு மணி நேரம் டிரைவ். நம்ம பிளாண்ட்ல நம்மாளுகள்ல மொதல்ல போனது நான்தான், தொண்ணுத்தி மூணுல. மேனேஜரே கூப்பிடறான், இனிமே நம்மளை யாரு அசைக்க முடியும்னு நெனச்சேன். கிரீன் கார்டுக்கு அப்பத்தான் அப்ளை பண்ணியிருந்தாங்க. அன்னிக்கே கடைக்குப் போய் துப்பாக்கி வாங்கிட்டேன்.

இது மத்த துப்பாக்கி மாதிரி இல்லீங்க. குழாய் வாய் வழியாத்தான் மருந்து போடணும். மொதல்ல மருந்து, அப்பறம் குண்டு, குச்சியால கடைசி வரைக்கும் தள்ளணும். நடுவுல எங்கியாவது குண்டு நின்னுச்சுன்னா குழாய் வெடிச்சுரும். அதுக்குத்தான் குச்சில இந்த ரெண்டு கோடு. கீழ்க் கோடு வரைக்கும் போனா உள்ள லோடு இருக்கு, மேல் கோடு வரைக்கும் போனா காலி. கையில வாங்குனதும் குச்சியை விட்டுப் பாருங்க. எவன் சொன்னாலும் நம்பாதீங்க, டேரல் சொன்னாலும். பின்னாடி இந்தச் சின்ன மூக்குல, நம்ம தீபாவளி கேப்பு மாதிரி ஒண்ணு வைக்கணும். குதிரை அதை அடிக்கும், பொறி ஓட்டை வழியா உள்ள போகும்.

பை நெறைய சாமானெல்லாம் எதுக்குங்க, ஃபேன்ஸியா? கடைக்காரன் நூறு சாமான் காமிப்பான். அளந்து அடைச்ச மருந்துக் குழாய் நாலு, குண்டை ஆரம்பத்துல தள்ளற இந்தக் கட்டை, கேப்பு வைக்கிற கருவி, பின்மூடியக் கழட்டற ஸ்பேனர், துணித்துண்டு ஒரு கட்டு. போதும். மீதியெல்லாம் நான் தெரியாம வாங்கிச் சேத்துனது.

கழுவறதுதான் வேலையே. இந்த மருந்துல உப்பு மாதிரி ஒரு சமாச்சாரம் இருக்கு. ஹூஸ்டன் ஈரக்காத்துக்கு ஒரே நாள்ல குழாய்க்குள்ள துரு புடிச்சுரும். சுட்ட அன்னிக்கே கழுவிறணும். சுடுதண்ணி, பாத்திரம் கழுவற சோப்பு. துணி கருப்பா வரும், அப்பறம் சாம்பல் கலர், அப்பறம் வெள்ளை. வெள்ளையா வர்ற வரைக்கும் விடக்கூடாது. பின்மூடி மரைக்கு மறக்காம கிரீஸ். இல்லேன்னா அடுத்த வருஷம் கழட்டவே வராது. முடிச்சுட்டு கை மோந்து பாருங்க, அழுகின முட்டை நாத்தம் அடிக்கும். ரெண்டு நாளைக்குப் போகாது.

எனக்கு எப்படி இவ்வளவு தெரியும்னா, ஒண்ணு ரெண்டா கழுவியிருக்கேன்? அங்க வர்றது ஏழு பேரு. மொத வருஷம் என்னோடதைக் கழுவறப்ப டேரல் வந்து பாத்தான். வேலை சுத்தமா இருக்குன்னு அவனோடதையும் நீட்டுனான். நம்ம ஊர்ல பெரியவங்க ஒண்ணு கையில குடுத்தா மரியாதைன்னு வாங்கிக்குவோமில்ல, அப்படி வாங்கிட்டேன். அடுத்த வருஷம் ஏழும் என்கிட்டத்தான். அவனுக பீர் குடிப்பானுக, நான் கேபின் பின்னாடி தண்ணி காய வச்சுட்டு நிப்பேன்.

மானா? நான் ஒண்ணுகூட சுட்டதில்லீங்க. அஞ்சு வருஷத்துல டார்கெட் பேப்பரைத்தான் சுட்டிருக்கேன். கெளம்பறப்ப கழுத்துக் கறி கொஞ்சம் கட்டிக் குடுப்பானுக. நான் சுட்டதுன்னு சொல்லி வசந்தாமணிகிட்டக் குடுப்பேன். அவ மொளகு போட்டு வறுத்து நாலு வீட்டுக்குக் குடுத்தனுப்புவா, எங்க வீட்டுக்காரர் அடிச்சதுன்னு.

சந்தனக் கதை உங்க காதுக்கும் வந்துருச்சா? வராம இருக்குமா. சரி, முழுசாக் கேளுங்க. டேரல் சீசனுக்கு முன்னாடியும் துப்பாக்கியை சர்வீஸுக்கு என்கிட்டக் குடுத்துருவான். இந்த வருஷம் குடுத்தப்ப ஆயுத பூஜை வந்துச்சு. வீட்ல இருக்கற ஆயுதத்துல மேனேஜரோடது மட்டும் மொட்டையா இருக்கலாமான்னு வசந்தாமணி அதுக்கும் சந்தனம், குங்குமம் வச்சு, பூ போட்டு, தேங்காய் ஒடச்சா. அடுத்த நாள் நான் தொடச்சேன். மூக்குக்குப் பக்கத்துல ஒரு இடுக்குல கொஞ்சம் காஞ்சு நின்னுருச்சு.

நவம்பர்ல லீஸுக்குப் போனோம். ஹெட் ஆபீஸ்ல இருந்து ஒரு பெரிய ஆளு வந்திருந்தான். காலைல பதினோரு கிளைக் கொம்பு வச்ச மான் ஒண்ணு எதுக்க வந்து நின்னுச்சாம். டேரல் விசையை இழுத்தான், கேப்பு மட்டும் பட்டுன்னு வெடிச்சுச்சு, குண்டு போகல. மான் அவனை ஒரு பார்வை பாத்துட்டுப் போயிருச்சாம். கேபினுக்கு வந்து பிரிச்சா மஞ்சளா சந்தனம். இது என்னடான்னு கேட்டான். சொன்னேன். அந்தப் பெரிய ஆளு வயித்தைப் புடிச்சுட்டுச் சிரிச்சான். டேரல் சிரிக்கல.

டிசம்பர் ஒண்ணாம் தேதி வேலை போச்சு. வேலை போனா கிரீன் கார்டு ஃபைலும் போச்சு, கடைசிக் கட்டத்துல. பொட்டு வச்சுத் துப்பாக்கியைக் கெடுத்தான், அதனால தூக்கிட்டாங்கன்னு பிளாண்ட் பூரா பேச்சு. அது இங்க இருக்கற மீனாட்சி கோயில் வரைக்கும் வந்து வசந்தாமணி காதுல விழுந்துருச்சு. அன்னைல இருந்து அவ சரியாச் சாப்பிடறதில்ல. தெனம் கோயில்ல வெளக்குப் போடறா. அவளுக்கு டிரைவிங் வராது, நான்தான் கொண்டுபோய் விடணும். போகவும் வரவும் கார்ல ஒரே பேச்சு. என் கையாலதான் நீங்க கட்டுனதெல்லாம் போச்சு, என்னை மன்னிச்சுருங்கன்னு. நான் ரோட்டைப் பாத்துட்டு ஓட்டுவேன்.

சந்தனம் ஓட்டைக்குள்ள போகலீங்க. அது வெளிய, இடுக்குலதான் இருந்துச்சு. அந்த மான் வந்ததுக்கு முந்தின நாள் சாயங்காலம் கேபின் பின்னாடி நின்னு கழுவிட்டிருந்தேன். ஜன்னல் தெறந்திருந்துச்சு. டேரல் அந்தப் பெரிய ஆளுகிட்டச் சொல்றான், வேலைய விட்டுத் தூக்கற லிஸ்ட்ல மொத பேரு நஞ்சப்பன்தான், ஆனா இந்த ட்ரிப் முடியட்டும், இல்லேன்னா துப்பாக்கியெல்லாம் யாரு கழுவறதுன்னு. ரெண்டு பேரும் சிரிச்சானுக. நான் கையில இருந்ததைக் கழுவி முடிச்சேன். அவனோடதுதான் அது. துணி வெள்ளையா வர்ற வரைக்கும் தேய்ச்சேன். அப்பறம் அந்த மூக்கு ஓட்டைக்குள்ள ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டேன். எண்ணெய் நின்னா பொறி உள்ள போகாது. காலைல நானே லோடு பண்ணி, நானே கேப்பு வச்சு, அவன் கையில குடுத்தேன்.

அவகிட்டச் சொல்லிறலாமேங்கறீங்களா? சொல்லலாந்தான். சொன்னா, ஜன்னலுக்கு வெளிய நான் எதுக்கு நின்னேன்னு கேப்பா. அஞ்சு வருஷமா அங்க என்ன பண்ணேன்னு கேப்பா. அதுக்குப் பதிலா, அவ கையாலதான் போச்சுன்னே நெனச்சுட்டு ஊருக்கு வரட்டும்னு விட்டுட்டேன்.