வீப்கேயின் பாக்டீரியா

பாக்டீரியாவுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அதனால் எங்களுக்கும் கிடையாது.

அந்த ஞாயிறன்று கட்டடத்தில் இருந்தது நானும் வீப்கேயும்தான். இருவரும் ஆராய்ச்சி மாணவிகள். பிளாஸ்டிக்கைத் தின்னும் பாக்டீரியாவைத் தேடுகிறவர்கள். நான் நகராட்சிக் குப்பைமேட்டில் வருடக்கணக்காகத் தேடினேன். என் பிளாஸ்டிக் துண்டுகள் இன்றும் கடையில் வாங்கியபடியே பளபளக்கின்றன. வீப்கே சேர்ந்த முதல் கோடையிலேயே துறைமுகத்தில் நைந்த கயிறு ஒன்றிலிருந்து பாக்டீரியாவைச் சுரண்டி எடுத்து வந்தாள். அவள் துண்டில் ஓட்டை விழுந்துவிட்டது.

ஜெயித்தவர்தான் கேக் கொண்டுவர வேண்டும். எங்கள் வழக்கம் அது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஆய்வகத்தில் எல்லோருக்கும் பிளம்ஸ் பழம் பதித்துச் சுட்டு வந்தாள். முதல் துண்டு எனக்கு.

"சாப்பிடுடி டோர்தே. உன் குப்பைமேடும் ஒருநாள் கண்ணைத் திறக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கேக் நன்றாகவே இருந்தது, ஐயா. இன்னொரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அந்த பாக்டீரியாவுக்கு அவள் பெயரையே வைக்கலாம் என்றார் பேராசிரியர். வைக்கட்டுமே, எனக்கென்ன.

லிஃப்ட் விஷயத்துக்கு வருகிறேன். பாக்டீரியாவை உறையவைக்கும் திரவ நைட்ரஜனை அடித்தளத்தில் பிடித்து, நான்காம் மாடிக்கு லிஃப்டில் தனியாக அனுப்புவோம். நிறைந்த பாத்திரத்தோடு ஆள் ஏறக் கூடாது. அதற்காக வாசலின் குறுக்கே மஞ்சள் பலகை தொங்கவிடுவோம். பலகை இல்லையென்றால் பாத்திரம் காலி, யாரும் ஏறலாம்.

நான் பலகையை மாட்டவில்லை. உங்கள் விசாரணை அறிக்கையில் மறதி என்று எழுதியிருக்கிறீர்கள். மறதி இல்லை. இரண்டாம் மாடியில் இருந்த வீப்கேயைப் போனில் கூப்பிட்டு, காலிப் பாத்திரம் வருகிறது, கூடவே ஏறி மேலே இறக்கிவிடு என்றேன்.

"என்னை என்ன சுமைதூக்கின்னு நினைச்சியா? சரி சரி, ஏறிட்டேன்."

பாத்திரமும் நான் தேர்ந்தெடுத்ததுதான். பழுதாகி, கழித்துக்கட்ட ஒதுக்கிவைத்தது. அதை விளிம்புவரை நிரப்பியிருந்தேன். ஊற்றிய வேகத்தில் ஆவியாகும். காலிப் பாத்திரமும் கொஞ்சம் புகையும் என்பதால் அவள் சந்தேகப்படவில்லை. அந்த ஆவிக்கு வாசனை கிடையாது. மூச்சுக்காற்றை ஓரமாகத் தள்ளிவிடும், அவ்வளவுதான்.

பிறகு லிஃப்டின் மின்விசையை அணைத்தேன்.

"ஏய், நின்னுபோச்சுடி! கும்மிருட்டு. நான் வர்றதுக்குள்ள என் பாக்டீரியா குடுவைக்கு மட்டும் தண்ணி மாத்திடு, ப்ளீஸ். இல்லன்னா எல்லாம் செத்துடும்."

மறுபடி அழைத்தபோது குரல் குழறியது. "தலை சுத்துது... சீக்கிரம் வா, டோர்தே."

வரேன் என்றேன். ஆனால் அவளே கேட்ட வேலையை முதலில் முடிக்க வேண்டாமா? அவள் மேஜைக்குப் போய்க் குடுவையில் பழையதைக் கொட்டிப் புதியதை ஊற்றினேன். சூடு சரிபார்த்தேன். கை கழுவினேன். அதற்குள் போன் ஓய்ந்திருந்தது. அதன்பிறகுதான் விசையைப் போட்டேன்.

இன்றுவரை அதற்குத் தீனி வைப்பது நான்தான். நன்றாக வளர்கிறது. எனக்குப் பொறாமை என்று பேராசிரியர் உங்களிடம் சொன்னாராம்.

நீங்களே சொல்லுங்கள் ஐயா. பொறாமைக்காரியாக இருந்தால் அந்த பாக்டீரியாவை அல்லவா கொன்றிருப்பேன்?