அவர் பெயரில் ஓர் இரும்புக் கதவு

மீசை அண்ணனின் நினைவுக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நம் காப்பகத்தின் டாக்டர் அம்மா அவர்களே, மேடையில் இருக்கும் நிர்வாகக் குழுவினரே, சற்று முன் பேசி அமர்ந்த இரும்புக்கடை ஐயா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் மீசை அண்ணனின் மனைவி, எங்கள் அண்ணி அவர்களே, அவருடைய மகளே, பின்னால் ஜன்னலோரமாக உட்கார்ந்திருக்கும் நம் இல்லத்து மக்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

ஒலிபெருக்கி முன்னால் நிற்பது எனக்குப் பழக்கமில்லை. மீசை அண்ணனோடு இங்கே ஆலோசகராக வேலை பார்த்தவள் என்ற முறையில், எழுதி வைத்திருந்த நாலு வரியைப் படித்துவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் வந்தேன். அதற்குள் இரும்புக்கடை ஐயா ஓர் அறிவிப்புச் செய்துவிட்டார். நம் வாசலுக்கு ஆள் உயரத்துக்கும் மேலே ஓர் இரும்புக் கதவு செய்து தருகிறேன், அது எப்போதும் பூட்டியே இருக்கும், அதன் நெற்றியில் மீசை அண்ணன் பெயரைப் பொறிப்போம் என்றார். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். ஐயா நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனாலும் அந்தக் கைதட்டலுக்குப் பிறகு என்னால் எழுதி வந்ததைப் படிக்க முடியாது.

யார் இந்த மீசை அண்ணன்? மீசையே இல்லாதவருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் இருபது வருடத்துக்கும் மேலாகச் சிறைக் காவலராக இருந்தவர். அங்கே அவர் மீசையைப் பார்த்தே பயப்படுவார்களாம். மனநோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் இந்தக் காப்பகத்துக்கு வேலைக்கு வந்த அன்று காலையில் அதை மழித்துவிட்டு வந்தார். வெயில் படாத தோல் மூக்குக்குக் கீழே வெளுத்துத் தெரிந்தது. நம் இல்லத்தில் இருக்கும் தையல்காரம்மா அவர் முகத்தையே உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இங்க என்னமோ இருந்துச்சே, எங்க வச்சிட்டு வந்தீங்க?"

"வேலையோட சேத்து அதையும் ஒப்படைச்சிட்டேம்மா."

அன்று முதல் அவர் மீசை அண்ணன்.

நிரந்தரமான வேலை, சீருடை, குடியிருப்பு. தலை நரைக்கத் தொடங்கிய வயதில் இதையெல்லாம் யார் விடுவார்கள்? ஏன் விட்டார்? அவர் என்னிடம் சொன்ன காரணத்தை, அவர் மகள் சம்மதம் தந்த பிறகே இங்கே சொல்கிறேன்.

மகள் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரு நாள் குளியலறையில் குளித்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்து வந்தவர் அந்தப் பக்கமாக நடந்திருக்கிறார். சிறையில் ஒவ்வொரு கதவையும் தொட்டுத் தொட்டுத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டே போன கை, போகிற போக்கில் இதையும் வெளியிலிருந்து போட்டுவிட்டது. அவருக்கே தெரியாது. உள்ளே பிள்ளை கதவைத் தட்டியிருக்கிறாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், அறைக் கைதியிடம் சொல்கிற அதே குரலில், "நேரம் ஆவட்டும்" என்றிருக்கிறார். தட்டும் சத்தம் நின்ற பிறகுதான் உறைத்து, ஓடிப்போய்த் திறந்திருக்கிறார்.

"அவ அழலம்மா," என்றார் என்னிடம். "தட்டுறத நிறுத்திட்டா. அதான் எனக்குத் தாங்கல. நேரம் ஆவட்டும்னு உள்ள உக்காந்துட்டா."

அந்த வாரமே விலகல் கடிதம் கொடுத்தார். உறவுக்காரர்கள் சும்மா விடுவார்களா? அண்ணியின் தம்பி வீட்டுக்கே வந்து கேட்டாராம். "மாமா, இருக்கிற வேலைய விட்டுட்டுப் பைத்தியங்களப் பாத்துக்கப் போறீங்களாமே. பேசாம நீங்களும் அங்கயே சேந்துக்குங்களேன்." அதற்கு இவர், "விசாரிச்சேன் மாப்ள. ஒரு கட்டில் காலியா இருக்காம், ஆனா உனக்குன்னு எடுத்து வச்சிருக்காங்களாம்" என்றாராம். சிரிப்பாகத்தான் சொன்னார். ஆனால் அன்று அந்த வீட்டில் அடுப்பு மூட்டவில்லை என்று அண்ணி சொல்லக் கேட்டிருக்கிறேன்.

வேலையை மாற்றுவது சுலபம் என்று நாம் நினைக்கிறோம். கையை மாற்ற முடிகிறதா? காலை மாற்ற முடிகிறதா? முதல் சில மாதங்கள் அவர் இங்கே பட்டபாடு எங்களுக்குத் தெரியும். சாப்பாட்டுக் கூடத்தில் காலை அகட்டி, கையைப் பின்னால் கட்டி, கதவோரம் நிற்பார். ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். தட்டில் கரண்டி படும் சத்தம்கூடக் கேட்காது. அவரோ எல்லோரும் அமைதியாகச் சாப்பிடுகிறார்கள் என்று சந்தோஷப்பட்டார். கடைசியில் தையல்காரம்மாதான் சொன்னார். "நீங்க அப்படி நின்னா எங்களுக்குத் தொண்டையில எறங்க மாட்டேங்குது. ஒண்ணு உக்காருங்க, இல்ல வெளிய போங்க." மனிதர் முகம் செத்துவிட்டது. மறுவேளை தட்டை எடுத்துக்கொண்டு வந்து அவர்கள் நடுவில் உட்கார்ந்தார். அவரால் சாப்பிடத்தான் முடியவில்லை.

அவர் வருவதற்கு முன் நம் அறைகளுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. வாசலுக்குப் பூட்டு இருந்தது. அதை எடுக்கச் சொல்லி டாக்டர் அம்மாவிடம் பிடிவாதமாக நின்றவர் யார்? படித்த நானா? இல்லை. இங்கு வேலை பார்த்த எவருக்கும் அது தோன்றவே இல்லை. பூட்டியே பழகிய மனிதர்தான் கேட்டார். பூட்டுக்குப் பதிலாக ஒரு முறையைக் கொண்டுவந்தார். யாராவது வாசலைத் தாண்டினால் கூப்பிடக் கூடாது, கையைப் பிடிக்கக் கூடாது. செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்தில் நடக்க வேண்டும். அவர்கள் எப்போது திரும்புகிறார்களோ அப்போது நாமும் திரும்ப வேண்டும். அவ்வளவுதான்.

எங்கெல்லாம் நடந்தார்! ரயில் நிலையம் வரை, மூடிக்கிடக்கும் ஆலை வரை, யாரோ ஒருவரின் பழைய வீட்டு வாசல் வரை. எல்லோரும் திரும்பி வந்தார்கள். ஒரு நாளைத் தவிர.

அந்த நாளில் என்ன நடந்தது என்று இங்கே யாரும் விவரமாகச் சொல்லவில்லை. நான் பேசித்தான் ஆக வேண்டும். மதியம் மழை தூறிக்கொண்டிருந்தது. நாம் சர்வேயர் என்று கூப்பிடும் அண்ணன் வாசலைத் தாண்டினார். அவர் ஒரு காலத்தில் நிலம் அளந்தவர். இன்றும் சாலையைப் பார்த்தால் நடுவில் இறங்கி எட்டு வைத்து அளப்பார். மீசை அண்ணன் பக்கத்திலேயே போனார். நெடுஞ்சாலை வளைவில் லாரி வந்தது. கையைப் பிடிக்கக் கூடாது என்று எங்களுக்குச் சொன்னவர், அன்று இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினார். சர்வேயர் அண்ணன் சாலையோரச் சேற்றில் விழுந்தார். அவருக்குச் சிராய்ப்புகூட இல்லை.

ஆஸ்பத்திரி நடைபாதையில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டார். "ஒரு பூட்டு போட்டிருந்தா இவரு இருந்திருப்பாருல்ல?"

அதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன் அண்ணி. ஆமாம், இருந்திருப்பார். அதைச் சுற்றி வளைத்துப் பேச எனக்குத் தெரியாது. தியாகம், வீரமரணம் என்று இங்கே சொன்னார்கள். உங்கள் வீட்டில் ஒரு நாற்காலி காலியாகக் கிடக்கிறது. அதை எந்த வார்த்தையால் நிரப்ப முடியும்?

ஆனாலும் இரும்புக்கடை ஐயாவிடமும் குழுவினரிடமும் ஒன்று கேட்கிறேன். உங்களுக்குப் பயம் வந்திருக்கிறது. எங்களுக்கும் வந்திருக்கிறது. பயத்தால் பூட்டுவதானால், பயத்தின் பெயரால் பூட்டுங்கள். அவர் பெயரால் பூட்டலாமா? எந்தக் கையிலிருந்து தாழ்ப்பாளை உதற ஒரு மனிதர் பாதி வயதுக்கு மேல் தன் வாழ்க்கையையே பிரித்துப் போட்டாரோ, அந்தக் கையில் திரும்பவும் ஒரு சாவியைக் கொடுத்து, அவரை நிரந்தரமாக நம் வாசலில் காவலுக்கு நிறுத்தலாமா? இந்த இல்லத்து மக்கள் தினமும் அந்தக் கதவின் உள்பக்கம் நின்று அவர் பெயரைப் படிக்க வேண்டுமா? வேண்டாம் ஐயா. உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், வேண்டாம்.

சர்வேயர் அண்ணன் அந்த நாளிலிருந்து அறையை விட்டு வருவதில்லை. "என்னைப் பூட்டுங்கம்மா, வெளிய பூட்டுங்க" என்கிறார். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் துளைகள் மட்டும் இருக்கின்றன. அதைக் காட்டிக் காட்டிக் கேட்கிறார். இந்தக் கூட்டத்துக்கும் அவர் வரவில்லை.

நம் சமையல்கார அக்கா, நர்ஸ், துணி வெளுக்கும் அண்ணன், நான் ஆகிய நால்வரும் பேசி முறை வைத்துக்கொண்டிருக்கிறோம். வாசல் திறந்திருக்கும்வரை, தாண்டுகிறவர் எவரானாலும் எங்களில் ஒருவர் கூட நடப்போம். நெடுஞ்சாலைப் பக்கம் இனி இருவராக நடப்போம். இதைச் சபை முன் சத்தியமாகச் சொல்கிறேன். என் அம்மா இந்த வேலையை விடச் சொல்லி அழுகிறாள். அவள் அழுகை நியாயம். நான் விடப்போவதில்லை.

இன்று என் முறை. இங்கிருந்து இறங்கியதும் சர்வேயர் அண்ணன் அறைக்குப் போவேன். பூட்டச் சொல்வார். பூட்ட மாட்டேன். கதவைத் திறந்து வைத்து, வெளியே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். அவர் எழுந்து வர எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும்.

வணக்கம்.